இரண்டு வருடப் பெர்மிட், இருபது வருடக் கடன்

(படித்து முடித்தபின் வெளிநாட்டில் தங்கி வேலை செய்யும் அனுமதி நீட்டிக்கப்பட வேண்டுமா என்ற தலைப்பில், தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரை)



சனிக்கிழமை காலையில் கிள்ளானில் கொம்யூட்டர் ரயில் ஏறி, கே.எல். சென்ட்ரலில் இறங்கி, பிரிக்பீல்ட்ஸ் வரும் ஒரு தகப்பனாரை நினைத்துக் கொள்ளுங்கள். துன் சம்பந்தன் சாலையில் பூமாலைக் கடையும் நாணய மாற்றுக் கடையும் எப்போதும் போல் பரபரப்பாக இருக்கின்றன. அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு. உள்ளே மகனின் எஸ்டிபிஎம் முடிவும் ஊழியர் சேமநிதி வாரியத்தின் கணக்கறிக்கையும் வீட்டுப் பட்டாவின் நகலும் இருக்கின்றன. கல்வி முகவரைப் பார்க்க வந்திருக்கிறார். முகவர் ஒரு வண்ணத் தாளை நீட்டுகிறார். அதில் கல்லூரியின் பெயரை விடப் பெரிய எழுத்தில் அச்சாகியிருப்பது என்ன? 'படிப்பு முடிந்ததும் 2 ஆண்டு வேலை செய்யலாம்!'

"ஐயா, படிப்புச் செலவைப் பார்த்துப் பயப்படாதீங்க. பையன் ரெண்டு வருஷம் அங்கேயே வேலை செஞ்சான்னா கடன் எல்லாம் அடைஞ்சிடும்" என்கிறார் முகவர்.

இன்றைய தலைப்பு இந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கியிருக்கிறது. அந்த 2 ஆண்டு போதுமா? போதாதென்றால் நீட்டிக்க வேண்டுமா? நீட்டிப்பது யாருக்கு நல்லது? இதற்கு முன் பேசியவர்கள் பிள்ளைகள் அங்கேயே தங்கிவிடுகிறார்கள் என்ற கவலையை எடுத்து வைத்தார்கள். நியாயமான கவலைதான். ஆனால் முதலில் கணக்கைப் பார்ப்போம். இந்த நாட்டு இந்தியக் குடும்பங்களில் வெளிநாட்டுப் படிப்பு என்பது ஆசையில் தொடங்கினாலும் கடைசியில் கணக்கில்தான் வந்து நிற்கிறது.

கணக்கு

ஒரு குடும்பம் மூன்றாண்டுப் படிப்புக்காக 3 லட்சம் வெள்ளி கடன் வாங்கியதாக வைத்துக் கொள்வோம். சேமநிதியிலிருந்து பிள்ளையின் படிப்புக்கென்று எடுத்த பணம் தனி. அது அம்மா, அப்பாவின் முதுமைக்கான பணம். இந்தக் கணக்கில் அதைச் சேர்க்கவில்லை. 5 விழுக்காடு வட்டி, 20 ஆண்டுத் தவணை என்றால் மாதம் ஏறக்குறைய 1,980 வெள்ளி கட்ட வேண்டும்.

மகன் பட்டத்தோடு உடனே திரும்பி வருகிறார். கோலாலம்பூரில் புதிய பட்டதாரிக்கு மாதம் 3,000 வெள்ளி கிடைத்தால் வீட்டில் பாயசம் வைக்கலாம். அதற்குக் கீழே கிடைப்பவர்கள் ஏராளம். சேமநிதிக்கு 11 விழுக்காடு போனால் கையில் 2,670. கடன் தவணை போனால் 690 வெள்ளி மிச்சம். அதில் பெட்ரோல், டோல், சாப்பாடு, தங்கையின் டியூஷன். இதனால்தான் பையன் வெளிநாட்டில் இன்னும் கொஞ்ச காலம் இருந்து பவுண்டிலோ டாலரிலோ சம்பாதித்து வெள்ளியில் கடனை அடைக்கட்டும் என்று பெற்றோர் விரும்புகிறார்கள். இதைப் பேராசை என்று சொல்வது சுலபம். தவணை நோட்டீஸ் வீட்டுக்கு வந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

சரி, அந்த 2 ஆண்டு எவ்வளவு தூரம் உதவும்? 20 ஆண்டுக் கடனில் 240 தவணை. 24 மாதத்தில் 24 தவணை கட்டலாம். பத்தில் ஒரு பங்கு. "கடன் எல்லாம் அடைஞ்சிடும்" என்ற பேச்சு இங்கேயே விழுந்து போகிறது. அதோடு அந்தப் பெர்மிட் இலவசமாக வருவதில்லை. பிரிட்டனில் பட்டதாரி விசா கட்டணம் 2025 ஏப்ரலில் 880 பவுண்ட் ஆனது. மருத்துவச் சேவைக்கான கட்டணம் ஆண்டுக்கு 1,035 பவுண்ட், 2 ஆண்டுக்கும் சேர்த்து முன்கூட்டியே கட்ட வேண்டும். மொத்தம் 2,950 பவுண்ட். ஒரு பவுண்டுக்கு ஐந்தரை வெள்ளி என்று வைத்தால் 16,000 வெள்ளிக்கு மேல். அதாவது எட்டு மாதத் தவணைப் பணம், வேலை கிடைப்பதற்கு முன்பே, ஒரே நாளில் வங்கி அட்டையிலிருந்து போய்விடுகிறது.

பிரிட்டனின் கதை

மலேசியர்களுக்கும் பிரிட்டிஷ் கல்விக்கும் உள்ள உறவு பழையது, சண்டை சச்சரவும் நிறைந்தது. தாட்சர் அம்மையார் ஆட்சிக்கு வந்ததும் வெளிநாட்டு மாணவர்கள் முழுக் கட்டணமும் கட்ட வேண்டும் என்றார்கள். அந்தக் கோபமும் சேர்ந்துதான் 1981இல் டாக்டர் மகாதீர் பிரிட்டிஷ் பொருளைக் கடைசியாக வாங்குங்கள் என்ற கொள்கையை அறிவித்தார். பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அதற்குப் பின்னர்தான் இங்கே இரட்டைத் திட்டக் கல்லூரிகள் பெருகின. 1996இல் தனியார் உயர்கல்விச் சட்டம் வந்தது. 1998இல் மோனாஷ், 2000இல் நோட்டிங்ஹாம் என்று வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் கிள்ளான் பள்ளத்தாக்குக்கே கடை விரிக்க வந்தன.

வேலை அனுமதி விஷயத்தில் பிரிட்டன் எப்படி நடந்து கொண்டது என்று பாருங்கள். 2007இல் பட்டதாரிகள் 12 மாதம் தங்கலாம் என்றார்கள். 2008இல் அது 2 ஆண்டானது. அதை நம்பி 2009இல் சேர்ந்த ஒரு மூத்த மகன் 2012 கோடையில் பட்டம் வாங்கினார். 2012 ஏப்ரலிலேயே அந்தத் திட்டத்தை மூடிவிட்டார்கள். அவருக்குக் கிடைத்தது ஏறக்குறைய நான்கு மாதம். அதற்குள் விசாவுக்குப் பொறுப்பேற்கும் முதலாளியைத் தேடிப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் விமானம் ஏற வேண்டும். அடுத்த ஒன்பது ஆண்டும் இதே நிலைதான்.

2019இல் மனம் மாறினார்கள். 2021 ஜூலை 1இல் பட்டதாரி விசா திறந்தது: இளங்கலைக்கும் முதுகலைக்கும் 2 ஆண்டு, முனைவர் பட்டத்துக்கு 3 ஆண்டு. இதை நீட்டிக்க வழியில்லை, ஒரே முறைதான். முகவரின் வண்ணத் தாளில் இந்தக் கடைசி வரி இருப்பதில்லை.

2025 மே மாதம் தொழிற்கட்சி அரசு குடிநுழைவு வெள்ளை அறிக்கையை வெளியிட்டது. அதில் 2 ஆண்டு 18 மாதமாகக் குறையும் என்று இருந்தது. 2025 அக்டோபரில் தேதியும் வந்தது: 2027 ஜனவரி 1 முதல் மனு செய்வோருக்கு 18 மாதம்தான். முனைவர் பட்டத்தாருக்கு மட்டும் பழையபடி 3 ஆண்டு.

இங்கே ஒரு நுணுக்கத்தைப் பெற்றோர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும். விதி எந்த நாளைப் பார்க்கிறது? மாணவர் கல்லூரியில் சேர்ந்த நாளையா, மனு செய்யும் நாளையா? மனு செய்யும் நாளை. 2024 செப்டம்பரில் மூன்றாண்டுப் படிப்புக்குச் சேர்ந்தவர் 2027 கோடையில் முடிப்பார். அவர் சேர்ந்தபோது விதி 2 ஆண்டு. அதை நம்பித்தான் வீடு அடமானத்துக்குப் போனது. முடிக்கும்போது விதி ஒன்றரை ஆண்டு. பாதி ஆட்டத்தில் கோல் கம்பத்தை நகர்த்தினால் பந்து விளையாடுகிற சின்னப் பிள்ளைகள்கூடச் சண்டைக்கு வருவார்கள்.

கொடுத்ததும் பறித்ததும்

ஆஸ்திரேலியாவை எடுத்துக் கொள்வோம், அங்கே படிக்கும் மலேசியர்கள் அதிகம். 2022 செப்டம்பரில், ஆள் பற்றாக்குறை உச்சத்தில் இருந்தபோது, மருத்துவச் சேவை, ஆசிரியர் பணி, பொறியியல், தகவல் தொழில்நுட்பம் போன்ற துறைகளில் பட்டம் பெற்றோருக்கு இன்னும் 2 ஆண்டு கூடுதலாக அனுமதி என்று அறிவித்தார்கள். 2023 ஜூலை 1இல் அது நடைமுறைக்கு வந்தது. 2024 ஜூலை 1இல் எடுத்துவிட்டார்கள். ஒரே ஓர் ஆண்டு! அதே நாளில் வயது வரம்பையும் 50இலிருந்து 35ஆகக் குறைத்தார்கள். பாடவழி முதுகலைக்கு 3 ஆண்டாக இருந்த அனுமதி 2 ஆண்டானது.

இந்த வயது வரம்பு யாரைத் தாக்குகிறது? நம் குடும்பங்களில் மூத்த பிள்ளை என்ன செய்கிறார்? எஸ்பிஎம் முடித்ததும் வேலைக்குப் போகிறார். தம்பி, தங்கைகளைப் படிக்க வைக்கிறார். கல்யாணம் செய்து கொடுக்கிறார். முப்பதைத் தாண்டிய பிறகுதான் தனக்கென்று ஒரு முதுகலை படிக்கலாமா என்று யோசிக்கிறார். தாதியாகவோ ஆசிரியராகவோ பத்தாண்டு அனுபவம் உள்ளவர். 36 வயதில் பட்டத்தோடு நிற்கும்போது, ஆராய்ச்சிப் பட்டமாக இல்லாவிட்டால், அவருக்கு அந்த அனுமதி கிடையாது. குடும்பத்துக்காகக் காத்திருந்தவருக்கு இது என்ன நியாயம்?

இன்னொரு வேடிக்கையும் உண்டு. இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் செய்து கொண்ட வர்த்தக ஒப்பந்தம் 2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்பவர் பாடவழி முதுகலை முடித்தால் 3 ஆண்டு வரை தங்கலாம். ஒரே வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த சென்னைப் பையனுக்கு 3 ஆண்டு, கிள்ளான் பையனுக்கு 2 ஆண்டு. இருவரும் ஒரே தமிழில் பேசிக் கொண்டாலும் கடப்பிதழின் நிறம் வேறு. இந்தியா அதைப் பேச்சுவார்த்தை மேசையில் உட்கார்ந்து கேட்டு வாங்கியது என்பது கவனிக்கத்தக்கது. கேட்டால் கிடைக்கும் என்பதற்கு இது சான்று. மலேசியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் 2013இலிருந்தே தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் இருக்கிறதே!

கனடாவில் நீட்டிப்பின் முழுக் கதையும் நடந்து முடிந்தது. தொற்றுக் காலத்தில் தொழிலாளர் தட்டுப்பாடு. 2021இல் பட்டதாரி பெர்மிட் முடிந்தவர்களுக்கு 18 மாதம் நீட்டிப்பு. 2022இல் மறுபடி 18 மாதம். 2023இலும் 18 மாதம். மூன்று முறை நீட்டித்தால் நான்காவது முறையும் கிடைக்கும் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? 2023 டிசம்பரில் இனி நீட்டிப்பு இல்லை என்றார்கள். இடையில் நிரந்தர வசிப்புரிமைக்கு வேண்டிய புள்ளிகள் எட்டாத உயரத்துக்குப் போயிருந்தன. 2024இல் டொராண்டோவை அடுத்த பிராம்ப்டனில் பட்டதாரிகள் சாலையோரம் கூடாரம் போட்டு உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து வந்த பிள்ளைகள். பிரின்ஸ் எட்வர்ட் தீவில் உண்ணாவிரதமே நடந்தது. அவர்கள் பிச்சை கேட்கவில்லை. மூன்று, நான்கு ஆண்டு வரி கட்டியவர்கள். வேலையில் இருந்தவர்கள். பெர்மிட் தீர்ந்த மறுநாள் அதே வேலைக்கு அவர்கள் சட்டவிரோதம் ஆகிவிட்டார்கள்.

அமெரிக்காவைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. 12 மாதம், அறிவியல், பொறியியல் துறையினருக்கு மேலும் 24 மாதம். அதன் பிறகு குலுக்கல். 2025 செப்டம்பரில் புதிய எச்1பி மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று வந்த பிறகு அந்தக் குலுக்கலுக்குள் போகவே முதலாளிகள் யோசிக்கிறார்கள்.

ஏன் 24 மாதம் போதாது?

பெர்மிட்டைக் குறைப்போர் சொல்வது இது: திறமைசாலிக்கு 18 மாதத்தில் வேலை கிடைத்துவிடும், கிடைக்காதவர் திரும்பிப் போகட்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வேலை எடுக்கும் முறை அப்படி நடப்பதில்லை. பெரிய நிறுவனங்கள் அடுத்த ஆண்டு சேர வேண்டியவரை இந்த ஆண்டே தேர்ந்தெடுக்கின்றன. பட்டம் கைக்கு வந்த பின் தேடத் தொடங்கினால் முதல் சில மாதம் வெறும் விண்ணப்பத்திலேயே போகிறது. வேலைக்கு எடுப்பவர் விசா முடியும் தேதியைப் பார்க்கிறார். ஒன்றரை ஆண்டில் போகிறவருக்கு எதற்குப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறார். கடைசியில் முதுகலை படித்த பிள்ளை பேரங்காடியில் பெட்டி அடுக்குகிறது. பின்னர் அதையே எடுத்துக்காட்டி, பட்டதாரி வேலைக்கே போவதில்லை, விசாவுக்காக வந்தவர்கள் என்று குற்றம் சாட்டுகிறார்கள்.

தொழில்முறைத் தகுதிகளின் கால அளவையும் பாருங்கள். ஏசிசிஏ கணக்காய்வாளர் ஆவதற்குத் தேர்வோடு 36 மாத வேலை அனுபவம் வேண்டும். இங்கிலாந்தில் வழக்குரைஞராகப் பதிவு செய்யும் புதிய முறை 2021இல் வந்தது. அதற்கு 2 ஆண்டுத் தகுதி அனுபவம் தேவை. 18 மாதப் பெர்மிட்டில் 24 மாத அனுபவத்தை எப்படி முடிப்பது? இடையில் முதலாளி விசா பொறுப்பேற்க வேண்டும். அதற்கு 2025 ஜூலையிலிருந்து பொதுவான சம்பள வரம்பு ஆண்டுக்கு 41,700 பவுண்ட். புதிதாக வேலைக்கு வரும் இளைஞருக்குச் சலுகையாக 33,400 பவுண்ட். லண்டனில் இது கிடைக்கலாம். ஷெஃபீல்டிலோ கார்டிஃபிலோ சிறிய கணக்காய்வு நிறுவனம் முதலாண்டுப் பையனுக்கு இந்தச் சம்பளத்தைக் கொடுக்குமா?

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஏசிசிஏவின் அந்த 36 மாதத்தைக் கோலாலம்பூரிலேயே பெறலாம். அனுபவம் லண்டனில்தான் வர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. பங்சாரில் இருக்கும் நிறுவனத்தில் பெற்ற அனுபவமும் அதே அனுபவம்தான். பிள்ளை வெளிநாட்டில் தங்கினால்தான் கௌரவம் என்று நினைக்கிற குடும்பங்களுக்கு இது கசப்பாக இருக்கும்.

எதிர்ப்பவர்கள் சொல்வது

இந்த அனுமதியே கல்வியை விசா வியாபாரமாக்கிவிட்டது என்று எதிர்ப்பவர்கள் சொல்கிறார்கள். அதில் கொஞ்சம் உண்மை இல்லாமலில்லை. பிரிட்டிஷ் அரசே கேட்டுக் கொண்டதன் பேரில் குடிநுழைவு ஆலோசனைக் குழு 2024 மே மாதம் பட்டதாரி விசாவை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தது. பரவலான முறைகேட்டுக்குச் சான்றில்லை, திட்டம் தொடரட்டும் என்றது அந்தக் குழு. வெளிநாட்டு மாணவர்களின் கட்டணத்தில்தான் அங்குள்ள பல்கலைக்கழகங்கள் காலந்தள்ளுகின்றன என்றும் காட்டியது. ஆனால் அதே அறிக்கை சில ஆள்சேர்ப்பு முகவர்களின் போக்கு கவலை தருகிறது என்றது. மாணவர்களுக்குத் தவறான தகவல் சொல்லிச் சேர்க்கிறார்கள் என்பதே அந்தக் கவலை. அந்த முகவர்களின் கிளை எங்கே இருக்கிறது? லண்டனில் தேட வேண்டாம். முகவருக்குச் சம்பளம் கொடுப்பது பெற்றோர் அல்ல. மாணவர் சேர்ந்ததும் பல்கலைக்கழகம் தரகுத் தொகை கொடுக்கிறது. பெர்மிட் பிறகு குறைந்தாலும் தரகு குறையாது.

இரட்டைத் திட்டத்தில் சேர்பவர்களுக்கும் ஒரு செய்தி. மூன்றாண்டையும் இங்கேயே முடிக்கும் திட்டத்தில் பிரிட்டிஷ் பட்டம் கிடைத்தாலும் பிரிட்டனின் பட்டதாரி விசா கிடைக்காது. அங்கே போய்ப் படித்திருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் குறைந்தது இரண்டு கல்வியாண்டுப் படிப்பை அங்கேயே முடித்திருக்க வேண்டும். ஓர் ஆண்டு சுபாங் ஜெயாவில், இரண்டாண்டு மெல்பர்னில் என்றால் சரி. இரண்டாண்டு இங்கே, ஓர் ஆண்டு அங்கே என்றால் பட்டம் உண்டு, பெர்மிட் இல்லை. செலவு மிச்சம் என்று இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுக்கும் குடும்பங்கள் இதைச் சேரும் முன்பே தெரிந்து கொள்ள வேண்டாமா?

கருமக்கிரியைக்கு வர முடியாத மகன்

இந்தப் பெர்மிட்டைப் பற்றிப் பேசுவோர் சம்பளத்தைச் சொல்கிறார்கள், நிரந்தர வசிப்புரிமையைச் சொல்கிறார்கள். இன்னொன்று இருக்கிறது, அதை வீட்டுக்குள் மட்டும்தான் பேசுகிறார்கள்.

பிரிட்டனுக்குள் இருந்தபடி ஒரு விசாவிலிருந்து இன்னொரு விசாவுக்கு மனு செய்தவர், முடிவு வருமுன் நாட்டை விட்டு வெளியே போனால் மனு கைவிடப்பட்டதாகக் கருதப்படும். பட்டதாரி விசாவின் முடிவு வர எட்டு வாரம் வரை ஆகலாம். ஆஸ்திரேலியாவில் மனு செய்தவுடன் கிடைக்கும் இடைக்கால விசாவில் வெளியே போனால் அதே விசாவில் திரும்ப முடியாது. பயணத்துக்கென்று தனியாக ஒன்று கேட்டு வாங்க வேண்டும்.

அந்த எட்டு வாரத்துக்குள் கிள்ளானில் அப்பா தவறிவிட்டால்? கொள்ளி வைக்க வேண்டிய மூத்த மகன் மான்செஸ்டரில் கைப்பேசித் திரையில் பார்த்துக் கொண்டு நிற்கிறார். வந்தால் மனு போயிற்று. கட்டிய 16,000 வெள்ளியும் வேலையும் கேள்விக்குறி. வராவிட்டால் ஊர் என்ன சொல்லும், அதைவிட அவர் மனம் என்ன சொல்லும்? 16ஆம் நாள் கருமக்கிரியைக்குக்கூட அந்த எட்டு வாரம் இடம் கொடுக்காது. பெர்மிட் குறுகினால் என்ன ஆகும்? ஒவ்வொரு குறுகிய பெர்மிட்டுக்கும் பின்னால் இன்னொரு மனு வரும். ஒவ்வொரு மனுவும் இப்படிப்பட்ட ஒரு காத்திருப்பு. அனுமதிக் காலம் நீளமாக இருக்க வேண்டும் என்பதற்கு எத்தனையோ பொருளாதாரக் காரணம் சொல்லலாம். வயதான பெற்றோர் உள்ள வீட்டுக்கு இந்த ஒரு காரணம் போதும்.

சிங்கப்பூர் போனவர்களுக்கு இந்தத் துன்பம் குறைவு. பாலத்தைக் கடந்தால் வீடு. அங்கே கதையும் தலைகீழ். கட்டணச் சலுகை பெற்றுப் படித்த வெளிநாட்டு மாணவர் பட்டம் பெற்றபின் 3 ஆண்டு அங்கே வேலை செய்தாக வேண்டும் என்று ஒப்பந்தம் போடுகிறார்கள். மற்ற நாடுகள் எப்போது போவாய் என்று கேட்கின்றன. சிங்கப்பூர் போகாதே என்று கையெழுத்து வாங்குகிறது. சேரும் நாளிலேயே எழுத்தில் இருக்கிறது, பாதியில் மாறுவதில்லை. மலேசிய மாணவர்கள் அங்கே போவதற்குச் சம்பளம் மட்டும் காரணமில்லை.

நம் வீட்டு வாசல்

அடுத்த நாட்டைக் குறை சொல்லும்போது நம் நாட்டையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்கள் எத்தனை பேர்! பிரிக்பீல்ட்ஸிலும் பண்டார் சன்வேயிலும் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார்கள். அவர்கள் படிக்கும் காலத்தில் வேலை செய்யலாமா? விடுமுறைக் காலத்தில், வாரத்துக்கு 20 மணி நேரம், உணவகம், பெட்ரோல் நிலையம், சிறு அங்காடி, தங்கும் விடுதி போன்ற இடங்களில் மட்டும். வகுப்பு நடக்கும் காலத்தில் கிடையாது. நம் பிள்ளைகள் ஆஸ்திரேலியாவில் பாடக் காலத்திலேயே இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை செய்கிறார்கள்.

பட்டம் முடித்தவர்களுக்கென்று 2023 இறுதியில் மலேசியா ஓர் அனுமதியை அறிமுகப்படுத்தியது. 12 மாதம் தங்கலாம். அது வந்தபோது பட்டியலில் இருந்தவை ஏறக்குறைய இருபது நாடுகள்: ஆஸ்திரேலியா, பிரிட்டன், கனடா, ஜப்பான், சவூதி போன்றவை. இந்தியா அதில் இல்லை. வங்காளதேசம் இல்லை. இங்கே அதிகமாகப் படிக்க வருகிறவர்களை விட்டுவிட்டு, அதிகம் வராதவர்களுக்குப் பந்தி விரித்த மாதிரி. லண்டனில் நம் பிள்ளைக்கு நீட்டிப்பு வேண்டும் என்று கேட்கிற வாய், இங்கே படித்த மதுரைப் பெண்ணுக்கோ டாக்கா பையனுக்கோ ஓர் ஆண்டு கொடுக்கலாமே என்று கேட்டதுண்டா?

திரும்பி வருவோருக்கு இங்கே என்ன இருக்கிறது? உலக வங்கி 2011இல் வெளியிட்ட அறிக்கை வெளிநாடுகளில் இருக்கும் மலேசியர் ஏறக்குறைய 10 லட்சம் என்றது. அதே ஆண்டு தேலண்ட்கார்ப் தொடங்கப்பட்டது. திரும்பி வரும் நிபுணருக்கு ஐந்தாண்டுக்கு 15 விழுக்காடு வருமான வரி என்ற சலுகை உண்டு. நல்ல திட்டம், ஆனால் பல ஆண்டு வெளிநாட்டு வேலை அனுபவம் கேட்கும் திட்டம். 18 மாதப் பெர்மிட் முடிந்து 25 வயதில் சுபாங் விமான நிலையத்திலோ கே.எல்.ஐ.ஏ.விலோ பெட்டியோடு இறங்குபவருக்கு அதில் இடமில்லை. மருத்துவம் படித்தவருக்கோ 2016 இறுதியிலிருந்து ஒப்பந்த வேலைதான். 2021 ஜூலை 26இல் ஒப்பந்த டாக்டர்கள் மருத்துவமனையை விட்டு வெளியே வந்து ஹர்த்தால் நடத்தியதை நாடே பார்த்தது. நிரந்தர வேலை இங்கே இல்லை, நிரந்தர வசிப்புரிமை அங்கே இல்லை. இரட்டைக் குடியுரிமைக்கும் நம் அரசியலமைப்பில் இடமில்லை என்பதால், ஒரு நாள் அந்தப் பிள்ளை ஏதாவது ஒரு கடப்பிதழைத் தேர்ந்தெடுக்கத்தான் வேண்டும்.

என்ன கேட்கலாம்?

ஆகவே நீட்டிக்க வேண்டுமா என்ற கேள்விக்கு, ஆம், நீட்டிக்க வேண்டும். குறைந்தது 3 ஆண்டு, ஒரு தொழில்தகுதியை முடிக்கும் அளவுக்கு. ஆனால் கனடா செய்தது போல் ஆள் தேவைப்படும்போது 18 மாதம், மறுபடி 18 மாதம் என்று சில்லறையாக நீட்டிப்பது கொடுமை. அது பிள்ளைகளை ஊன்றவும் விடாது, திரும்பவும் விடாது. நீளத்தை விட முக்கியமானது ஒன்று: சேர்ந்த நாளில் என்ன விதி இருந்ததோ அதுவே அந்த மாணவருக்குப் பட்டம் வாங்கும் நாள் வரை இருக்க வேண்டும். குறைக்க நினைக்கும் அரசு இனிச் சேர்பவர்களுக்குக் குறைக்கட்டும். பிரிட்டனோடும் ஆஸ்திரேலியாவோடும் பேசும் மலேசிய அமைச்சர்கள் இதைக் கேட்க முடியும். இந்தியா கேட்டு வாங்கியது கண்முன் இருக்கிறது.

அதுவரை பெற்றோர் செய்யக் கூடியது என்ன? முகவரின் வண்ணத் தாளை மடித்து வைத்துவிட்டு, அந்த நாட்டுக் குடிநுழைவுத் துறையின் இணையத்தளத்தில் இருக்கும் விதியை, தேதியோடு, அச்செடுத்துத் தரச் சொல்லுங்கள். தர மறுக்கும் முகவரின் படியை மறுபடி ஏற வேண்டாம். கடன் கணக்கைப் பெர்மிட் இல்லை என்று வைத்துப் போட்டுப் பாருங்கள். அப்போதும் தாங்குமென்றால் அனுப்புங்கள். தாங்காதென்றால் இங்கேயே தொடங்கும் வழிகளையும் பேசுங்கள்.

பிரிட்டனில் இப்போது படித்துக் கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. பட்டதாரி விசாவுக்கு மனு செய்ய வேண்டுமானால் மாணவர் விசா முடியுமுன், பிரிட்டனுக்குள் இருந்தபடி செய்ய வேண்டும். அதற்கு முன்பே படிப்பை முடித்துவிட்டார் என்று பல்கலைக்கழகம் உள்துறைக்குத் தெரிவித்திருக்க வேண்டும். அந்தத் தகவல் போகும் வரை மனு செய்ய முடியாது. 2026 செப்டம்பரில் முதுகலை முடிப்பவருக்கு, பல்கலைக்கழகம் தெரிவித்து, அவரும் டிசம்பர் 31க்குள் மனு செய்துவிட்டால் 24 மாதம். ஜனவரிக்குத் தள்ளிப் போட்டால் 18 மாதம். ஓர் எழுத்தரின் மேசையில் ஆறு மாத வாழ்க்கை இருக்கிறது. எந்தத் தேதியில் தகவல் அனுப்புவீர்கள் என்று மாணவர் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.